எங்கள் ஆபீஸில் யூனியன் இல்லையே, ஐயா!

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே கவலைதான். யூனியன் இருக்கிற இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் உரிமை, மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதானா என்று கேட்கிறார்கள். நான் ஆலையில் சங்கக் கமிட்டியில் இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு, சங்கமே இல்லாத இடங்களிலிருந்து வருகிறவர்களுக்கும் மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். வாசகர்கள் பல நாடுகளிலிருந்து எழுதுகிறீர்கள். சட்டம் மாறும் இடங்களில் எந்த நாட்டுச் சட்டம் என்று சொல்லிவிடுகிறேன்.

கே: எங்கள் நிறுவனத்தில் சங்கம் கிடையாது. பேக்கிங் பிரிவில் காற்றோட்டம் படுமோசம். நாங்கள் நான்கு பேர் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் மனு கொடுத்தோம். மறுநாளே எச்.ஆர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "கூட்டு மனு கொடுப்பது ஒழுங்கீனம். அவரவர் குறையை அவரவர் தனியாக எழுதிக் கொடுங்கள்" என்கிறார். சங்கம் இல்லாதவர்கள் சேர்ந்து கேட்பது தவறா?
— பேக்கிங் பிரிவு ஊழியர்

ப: தவறே இல்லை. இதற்கு ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன், உங்கள் நிலைமைக்கு அப்படியே பொருந்தும்.

1959 ஜனவரி 5. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் அலுமினியச் சாமான்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை. சங்கம் கிடையாது. அன்றைக்குக் கடுங்குளிர், மைனஸ் 12 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியிருந்தது. மெஷின் ஷாப்பைச் சூடாக்கும் பெரிய எண்ணெய் உலை முந்தின இரவே பழுதாகி நின்றுவிட்டது. காலை ஷிப்ட்டுக்கு வந்தவர்கள் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்த ஃபோர்மேனே, 'இவர்களுக்குத் துணிச்சல் இருந்தால் வீட்டுக்குப் போயிருப்பார்கள்' என்கிற மாதிரி ஒருவரிடம் சொன்னார். ஏழு பேர் தங்களுக்குள் பேசி, கிளம்பிப் போய்விட்டார்கள். அனுமதியில்லாமல் வேலையை விட்டுப் போகக் கூடாது என்ற விதியைக் காட்டி, கம்பெனி ஏழு பேரையும் நீக்கியது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1962-ல் தீர்ப்பு வந்தது. நீக்கியது செல்லாது. அவர்களுக்காகப் பேசச் சங்கமோ பிரதிநிதியோ இல்லை, அதனால் தங்களால் முடிந்த விதத்தில் தாங்களே பேச வேண்டியிருந்தது என்று நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவின் 1935-ம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 7-வது பிரிவு, ஒருவருக்கொருவர் உதவவும் பாதுகாக்கவும் சேர்ந்து செயல்படும் உரிமையைத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கிறது. சங்கம் இருந்தால்தான் என்ற நிபந்தனை அதில் இல்லை.

மற்ற நாடுகளில்? சங்கம் அமைக்கும் சுதந்திரம் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87-வது உடன்படிக்கை 1948-ல் வந்தது. கூட்டுப் பேரம் பற்றிய 98-வது உடன்படிக்கை 1949-ல். அமெரிக்கா, இந்தியா உட்பட இவற்றை ஏற்புறுதி செய்யாத, அதாவது கட்டுப்படுகிறோம் என்று முறைப்படி ஒப்புக்கொள்ளாத நாடுகள் உண்டு. ஆனால் ஏற்புறுதி செய்யாவிட்டாலும், உறுப்பு நாடு என்ற காரணத்தாலேயே இந்தக் கோட்பாடுகளை மதிக்க வேண்டும் என்று அந்த அமைப்பின் 1998-ன் பிரகடனம் சொல்லிவிட்டது. இதை வைத்து நேரே நீதிமன்றம் போக முடியாது, அதற்கு உங்கள் நாட்டுச் சட்டம் வேண்டும். ஆனால் மனுவில் தாராளமாகக் குறிப்பிடலாம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. தனித்தனியாக எழுதச் சொன்னால் எழுதுங்கள், தகராறு வேண்டாம். ஆனால் நான்கு கடிதங்களிலும் முதல் வரியாக, இன்ன தேதியில் நாங்கள் நால்வரும் சேர்ந்து கொடுத்த மனுவின் தொடர்ச்சி இது என்று எழுதிவிடுங்கள். எச்.ஆர். ஏன் பிரிக்கப் பார்க்கிறார் தெரியுமா? அமெரிக்கச் சட்டத்தில் தன் சொந்தக் குறையை மட்டும் தனியாகச் சொல்கிறவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பது கஷ்டம். பலருக்காகவும் பேசுகிறார் என்று காட்ட முடிந்தால்தான் கிடைக்கும். எச்.ஆர். அழைத்த தேதி, நேரம், சொன்ன வார்த்தைகளை அன்றைக்கே நான்கு பேரும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சேர்ந்து செய்தோம் என்பதற்காக எதுவும் செய்துவிட முடியாது. பொருளைச் சேதப்படுத்தினாலோ, பொய் என்று தெரிந்தே குற்றம் சாட்டினாலோ, யாரையும் மிரட்டினாலோ பாதுகாப்பு போய்விடும். உங்கள் நால்வரில் யாராவது சூப்பர்வைசர் என்றால் அவருக்கும் அமெரிக்கச் சட்டத்தில் இந்தப் பிரிவு பொருந்தாது.

கே: எங்கள் இடத்தில் யூனியன் உண்டு. ஸ்டாக் குறைகிறது என்று செக்யூரிட்டி அதிகாரியும் எச்.ஆரும் என்னை அறைக்குக் கூப்பிட்டார்கள். "சும்மா பேசத்தான்" என்றார்கள். ஒன்றரை மணி நேரம் கேள்வி. கமிட்டி மெம்பரைக் கூப்பிடலாமா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டிருக்கலாமா?
— கிடங்கு ஊழியர்

ப: கேட்டிருக்கலாம். இனி கேளுங்கள்.

1975-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று உண்டு. ஒரு கடையின் உணவுப் பிரிவில் வேலை பார்த்த பெண், பெரிய பெட்டி நிறையக் கோழி எடுத்துக்கொண்டு ஒரு டாலர் மட்டும் போட்டார் என்று புகார். அறையில் வைத்து விசாரித்தார்கள். சங்கப் பிரதிநிதி வேண்டும் என்று அவர் பலமுறை கேட்டும் மறுத்துவிட்டார்கள். சின்னப் பெட்டி தீர்ந்துபோனதால் ஒரு டாலர் அளவுக் கோழியைப் பெரிய பெட்டியில் வைத்தேன் என்றார் அவர். விசாரித்தால் அது உண்மை. மன்னிப்பும் கேட்டார்கள். அந்த நேரத்தில் அவர் அழுதுவிட்டு, நான் இலவசமாக எடுத்ததென்றால் மதியச் சாப்பாடு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். உடனே விசாரணை மறுபடி தொடங்கியது. சுமார் 160 டாலர் பாக்கி என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். அவர் போடவில்லை. பிறகு பார்த்தால், மேனேஜர் உட்பட எல்லோரும் அப்படித்தான் சாப்பிட்டுவந்தார்கள்!

ஒரு கமிட்டி மெம்பர் பக்கத்தில் இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்ட இடத்திலேயே விஷயம் முடிந்திருக்கும். தீர்ப்பு என்ன சொல்கிறது என்றால், தண்டனைக்கு வழிவிடலாம் என்று நியாயமாகப் பயப்படும்படியான விசாரணையில் சங்க உறுப்பினர் பிரதிநிதியைக் கேட்கலாம். நிர்வாகம் தானாக முன்வந்து சொல்ல வேண்டியதில்லை, நீங்கள்தான் வாய்திறந்து கேட்க வேண்டும்.

சங்கம் இல்லாதவர்களுக்கு இந்த உரிமை அமெரிக்காவில் வந்து வந்து போகிறது. 2000-ல் தொழிலாளர் வாரியம் (அந்த 1935-ம் ஆண்டுச் சட்டத்தை அமல்படுத்தும் அரசு அமைப்பு) கொடுத்தது, 2004-ல் அதே வாரியம் பறித்தது. பிரிட்டனில் நிலைமை மேல். 1999-ம் ஆண்டுச் சட்டப்படி ஒழுங்கு நடவடிக்கைக் கூட்டத்துக்கோ குறைகேட்புக் கூட்டத்துக்கோ சக ஊழியர் ஒருவரையோ சங்க அலுவலர் ஒருவரையோ கூட அழைத்துப் போகலாம். நிர்வாகம் அந்தச் சங்கத்தை அங்கீகரித்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கூட வருகிறவர் பேசலாம், உங்களோடு கலந்து ஆலோசிக்கலாம். உங்களிடம் கேட்கும் கேள்விக்கு உங்கள் சார்பில் பதில் சொல்ல மட்டும் முடியாது.

அந்த மாதிரி அறைகளில் நான் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். போனவுடன் முதலில், என்ன குற்றச்சாட்டு, எழுத்தில் கொடுங்கள் என்பேன். நம் ஆளின் குரல் ஏறினால் ஐந்து நிமிடம் இடைவேளை கேட்பேன். கையெழுத்துத்தான் முக்கியம். ஒரு தம்பியின் வாக்குமூலத்தில் அவன் சொன்ன கடைசி வரிக்கும் அவன் கையெழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல்கடை வெற்றிடம் விட்டிருந்தார்கள். பின்னால் அந்த இடத்தில் ஒரு வரி முளைத்தது. அதற்குப் பிறகு எங்கள் உறுப்பினர்கள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன்: வெற்றிடத்தில் குறுக்கே கோடு போட்டுவிட்டு, கடைசி எழுத்தை ஒட்டிக் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதுங்கள். நகல் கேளுங்கள். தரவில்லை என்றால் 'நகல் தரப்படவில்லை' என்று அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.

கே: நான் சங்கத்தில் சேரவில்லை. சந்தா கட்டவில்லை. ஒப்பந்தச் சம்பள உயர்வு எனக்கு வருமா? என் குறையைச் சங்கம் எடுத்துப் பேசுமா?
— மெஷின் ஆபரேட்டர்

ப: சம்பள உயர்வு அநேகமாக வரும். பேரம் பேசும் உரிமையுள்ள சங்கம் போடும் ஒப்பந்தம் அந்தப் பிரிவில் எல்லோருக்கும் பொருந்துவதுதான் பல நாடுகளில் முறை. பிரான்ஸில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் சங்கத்தில் இருக்கிறார், ஆனால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏதாவதொரு கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் வருகிறார்கள்.

சங்கம் உங்களை ஒதுக்கலாமா என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1944-ல் பதில் சொன்னது. ரயில் என்ஜினில் ஃபயர்மேன்களாக இருந்த கறுப்பினத் தொழிலாளர்களைச் சங்கம் உறுப்பினராகவே சேர்க்கவில்லை. அவர்களுக்கும் சேர்த்துப் பேரம் பேசும் உரிமையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அவர்களை வேலையிலிருந்து ஓரங்கட்டும் ஒப்பந்தத்தையும் போட்டது. எல்லோருக்காகவும் பேசும் அதிகாரம் வேண்டும் என்றால், உறுப்பினர் அல்லாதவரையும் பாரபட்சமில்லாமல் பிரதிநிதித்துவம் செய்தாக வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம், சங்கக்காரன் என்ற முறையில் எனக்கு மனம் கனத்துவிடும். சங்கம் என்ற பெயரில் அப்படியும் நடந்திருக்கிறது.

ஆனால் தம்பி, சட்டம் கொடுக்கிறது என்பதற்காகச் சந்தா கட்டாமல் இருந்துவிடாதீர்கள். ஒப்பந்தம் போட ஆட்களை அனுப்ப வேண்டும், வழக்கு நடத்த வேண்டும், எல்லாவற்றுக்கும் பணம் சந்தாவிலிருந்துதான். உறுப்பினர் அல்லாதவருக்கு ஓட்டும் கிடையாது. உங்கள் ஷிப்ட் நேரத்தைப் பற்றி மற்றவர்கள் முடிவெடுப்பார்கள், நீங்கள் வெளியே நிற்பீர்கள். சங்கத் தலைமை பிடிக்கவில்லை என்றால் உள்ளே போய் எதிர்த்துப் போட்டியிடுங்கள்.

கே: யூனியன் இல்லாத தனியார் நிறுவனம். "ராஜினாமா எழுதிக் கொடு, இல்லையென்றால் டிஸ்மிஸ் செய்துவிடுவோம், வேறெங்கும் வேலை கிடைக்காது" என்கிறார்கள். யோசிக்க மாலை வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். என் மேல் ஒரு மெமோகூடக் கிடையாது.
— கணக்குப் பிரிவு ஊழியை

ப: அம்மா, உங்கள் கடிதம் வந்து சேர்ந்து அச்சாவதற்குள் அந்த மாலை போய்விட்டிருக்கும். இருந்தாலும் இதே நிலையில் இருக்கிற மற்றவர்களுக்காகவும் சேர்த்து எழுதுகிறேன்.

அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். "படித்துப் பார்த்து, ஆலோசனை கேட்டு எழுத்தில் பதில் தருகிறேன்" என்ற ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அவர்களுக்கு நீக்கும் உரிமையும் காரணமும் உண்மையிலேயே இருந்தால் உங்கள் கையெழுத்துக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? ராஜினாமா கொடுத்துவிட்டால், நீங்களாகப் போனீர்கள் என்று ஆகிவிடும். பல நாடுகளில் நீக்கத்துக்குத் தர வேண்டிய இழப்பீட்டையோ நோட்டீஸ் காலத்தையோ தராமல் தப்பிக்க அது வழிவிடும்.

வீட்டுக்கு வந்தவுடன் உங்கள் சொந்த மெயிலிலிருந்து எச்.ஆருக்கு எழுதுங்கள்: இன்று இன்னார் இன்னின்ன சொன்னார், ராஜினாமா செய்ய எனக்கு விருப்பமில்லை, வேலையைத் தொடரத் தயாராக இருக்கிறேன். நான்கு வரி போதும். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டால், அது வற்புறுத்தி வாங்கியது, திரும்பப் பெறுகிறேன் என்று தாமதிக்காமல் எழுதுங்கள். ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு எழுதினால் நம்ப மாட்டார்கள். மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போங்கள். உள்ளே விடவில்லை என்றால் கேட்டிலிருந்தே ஒரு மெசேஜ் அனுப்புங்கள், தேதியோடு பதிவாகிவிடும்.

சட்டம் எப்படி என்றால், நாட்டுக்கு நாடு வெகுதூரம் வித்தியாசப்படும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1982-ன் 158-வது உடன்படிக்கை, திறமையோ நடத்தையோ நிறுவனத் தேவையோ சார்ந்த சரியான காரணம் இல்லாமல் யாரையும் நீக்கக் கூடாது, நடத்தையைக் காரணம் காட்டினால் பதில் சொல்ல வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. ஜெர்மனியில் ஊழியர் குழு உள்ள நிறுவனம், ஒவ்வொரு நீக்கத்துக்கும் முன்பு அந்தக் குழுவின் கருத்தைக் கேட்க வேண்டும். கேட்காமல் நீக்கினால் நீக்கமே செல்லாது. அந்தக் குழு சங்கம் அல்ல, ஐந்து நிரந்தர ஊழியர்கள் இருக்கிற இடத்திலேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் ஒரு காலத்தில், தனி ஒருவரின் நீக்கத்தைச் சங்கமோ கணிசமான சக தொழிலாளர்களோ கையிலெடுத்தால்தான் அது தொழில் தகராறு ஆகும். 1965-ல் தொழில் தகராறுச் சட்டத்தில் 2ஏ என்ற பிரிவைச் சேர்த்து, தனி ஒருவராகவே போகலாம் என்று மாற்றினார்கள். 2020-ன் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஆனால் அது 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வருகிறவர்களுக்குத்தான். மேனேஜர், நிர்வாகப் பதவிகளில் இருப்பவர்கள் வேறு வழி பார்க்க வேண்டும்.

சங்கமில்லாதவர் நிலைமை மிகவும் பலவீனமாக இருப்பது அமெரிக்காவில்தான். மான்டனா மாநிலம் மட்டும் 1987-ல் சட்டம் போட்டு, தகுதிகாண் காலம் முடிந்தவரை நியாயமான காரணமில்லாமல் நீக்கக் கூடாது என்றது. மற்ற மாநிலங்களில் பொதுவிதிப்படி காரணம் சொல்லாமலே நீக்கலாம். இனம், பாலினம், மதம், வயது, புகார் கொடுத்தது போன்ற தடைசெய்யப்பட்ட காரணமாக மட்டும் இருக்கக் கூடாது. சங்க ஒப்பந்தத்தில் 'நியாயமான காரணம் இருந்தால்தான் தண்டனை' என்ற ஒரு வரி இருக்கிறதே, அந்த ஒரு வரியின் மதிப்பு அங்கே தெரியும். நீக்கியது ஏன் என்று நிர்வாகம் நடுவர் முன்னால் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

கே: சம்பளத்தைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது என்று நியமனக் கடிதத்தில் இருக்கிறது. பேசினால்?
— விற்பனைப் பிரிவு ஊழியர்

ப: அமெரிக்காவில் பெரும்பாலான தனியார் துறை ஊழியர்களை அப்படித் தடுப்பதே சட்டவிரோதம், முன்னே சொன்ன அதே 7-வது பிரிவுதான். பிரிட்டனில் பாரபட்சம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காகப் பேசினால் 2010-ன் சமத்துவச் சட்டப்படி அந்த நிபந்தனை செல்லாது. உங்கள் சம்பளத்தை நீங்கள் சொல்வது வேறு, வேலை காரணமாக உங்கள் கைக்கு வந்த மற்றவர் சம்பளப் பட்டியலை வெளியிடுவது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள்.

கே: ஒப்பந்தத்தில் இல்லாத வேலையைச் சூப்பர்வைசர் செய்யச் சொல்கிறார். மறுத்தால் கீழ்ப்படியாமை என்று மெமோ வரும். செய்தால் அதுவே வழக்கமாகிவிடும். என்ன செய்வது?
— சங்க உறுப்பினர்

ப: செய்துவிட்டு அன்றைக்கே புகார் கொடுங்கள். ஆட்சேபத்தோடு செய்கிறேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் அது வழக்கமாகிவிட்டது என்று பின்னால் வாதிட முடியாது. அங்கேயே நின்று மறுத்தால், ஒப்பந்தத்தை மீறியது யார் என்ற கேள்வி போய், சொன்னதைக் கேட்காதது யார் என்ற கேள்வி வந்துவிடும். நல்ல கேஸ்கள் இப்படித்தான் கெட்டுப்போகின்றன.

இதற்கு ஒரே பெரிய விலக்கு உயிராபத்து. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான கடும் ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து விலகினால், அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ன் 155-வது உடன்படிக்கை சொல்கிறது. பாதுகாப்பான பணியிடத்தை 2022-ல் அந்த அமைப்பு அடிப்படை உரிமைகளில் ஒன்றாகவும் சேர்த்துவிட்டது. சங்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது எல்லோருக்கும். ஆனால் முறையோடு விலகுங்கள். எந்த மெஷின், எந்தக் காவல் மூடி கழன்றிருக்கிறது, என்ன நேரம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். வேறு வேலை கொடுங்கள், செய்கிறேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே இருங்கள். சொல்லாமல் வெளியே போய்விட்டால் ஆபத்துக்காக விலகினீர்களா, வேலைக்கு டிமிக்கி கொடுத்தீர்களா என்ற வாதம் கிளம்பும்.

கே: கம்பெனி விதிப் புத்தகம், சங்க ஒப்பந்தம், சட்டம். இந்த மூன்றும் முரண்பட்டால் எது செல்லும்?
— வாசகர்

ப: சட்டம் தரை மாதிரி. அதற்குக் கீழே யாரும் போக முடியாது, நீங்களே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாலும். குறைந்தபட்சச் சம்பளத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் அந்த எழுத்துக்கு மதிப்பில்லை. சட்டத்துக்கு மேலே ஒப்பந்தம் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். விதிப் புத்தகம் இந்த இரண்டுக்கும் அடங்கித்தான் நடக்க வேண்டும்.

கே: என்னை நீக்கி மூன்று வாரம் ஆகிறது. உள் மேல்முறையீடு போட்டிருக்கிறேன். அதன் முடிவு வந்த பிறகு வெளியே புகார் கொடுக்கலாம் என்று நண்பர் சொல்கிறார். சரியா?
— நீக்கப்பட்ட ஊழியர்

ப: சரியில்லை. அமெரிக்காவில் தொழிலாளர் வாரியத்துக்குப் போக ஆறு மாதம்தான். உள்ளே முறையீடு நடக்கிறது என்பதால் பாரபட்சப் புகாருக்கான கெடு நிற்காது என்று அங்கே உச்ச நீதிமன்றம் 1980-ல் தீர்ப்பே கொடுத்திருக்கிறது. சங்க ஒப்பந்தங்களில் குறைமனு கொடுக்கும் கெடு இன்னும் குறைவு, நாள் கணக்கில்தான் இருக்கும். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இந்த வாரமே உங்கள் பகுதித் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய், கெடு தேதி எது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நியமனக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, நீக்க உத்தரவு, அது உங்கள் கைக்கு வந்த தேதிக்கான ஆதாரம் இந்த நான்கையும் எடுத்துப் போங்கள். உள் மேல்முறையீடு அது பாட்டுக்கு நடக்கட்டும், வெளிப் புகாரையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள்.